கையின் பயிற்சியும் கண்ணின் பயிற்சியும்

ஓவியம் எழுதுவோனுக்குக் கை வேண்டும். அக்கையை ஏவுதற்குக் கண் வேண்டும். இவ்விரண்டினுள் எது முற்பட்டது என வினவின், கண்ணே முற்பட்டது என்பதில் ஓவியர் எவரும் ஐயுறார். ஆயினும், அனிமேஷன் என உலகெங்கும் வழங்கப்பெறும் அசைவூட்டக் கலையைப் பயிலப் புகும் இளைஞர்க்கு இன்று பல இடங்களில் அளிக்கப்படுவது பெரும்பாலும் கைப்பயிற்சியே. கணினிக்கு எந்தக் கட்டளையைக் கொடுத்தால் உருவம் நடக்கும், எதனைக் கொடுத்தால் அதன் வாய் அசையும் என்பன சில திங்களிற் கற்பிக்கப்படுகின்றன. நடத்தல் என்பது எத்தகைய செயல், அதனைக் காண்போர் எவ்வாறு காண்கின்றனர் என்பனவோ கற்பிக்கப்படாமலே விடப்படுகின்றன. இக்குறையையும் அது நீங்கும் வழியையும் பற்றிச் சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அசைவூட்டக் கலைஞர் இரண்டு துறைகளைத் தம் தொழிற்கல்வியின் இன்றியமையாப் பகுதிகளாகக் கொள்ளல் வேண்டும் என்பது எமது கருத்து. ஒன்று, சிறந்த திரைப்படங்களை நிறுத்தி நிறுத்தி ஆராய்தல். மற்றையது, மனிதனின் கண்ணும் உள்ளமும் காட்சியை உணரும் முறை பற்றி உளநூலார் கண்டவற்றை அறிதல். முன்னையது, திரையில் என்ன வைக்கப்பட்டது என்பதைக் காட்டும்; பின்னையது, வைக்கப்பட்டது பார்ப்போனிடத்து என்னவாகின்றது என்பதைக் காட்டும். ஒன்றைக் கற்று மற்றையதை விடுவோர் பாதி வழியிலே நின்றுவிடுவர்.

அசைவு நிகழும் இடம்

திரைப்படத்தில் விநாடி ஒன்றுக்கு 24 படங்கள் ஓடுவது வழக்கம். அப்படம் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். பத்து நிமிடம் ஓடும் படமொன்றில் 14,400 சட்டகங்கள் உள. அவற்றுள் ஒன்றேனும் அசைவதில்லை. ஒவ்வொன்றும் நிலைத்த படமே. ஆகவே நாம் காணும் அசைவு திரையில் உள்ளதொன்றன்று; காண்போனிடத்தே பிறப்பதொன்று. இவ்வுண்மையை வாயாற் கூறுவோர் பலர். அதன் பயனை உணர்ந்து தொழில் செய்வோர் சிலரே.

ஒரு காட்சி மறைந்த பின்னும் அதன் சாயல் கண்ணிற் சிறிது நேரம் தங்கிநிற்றலாலேயே படங்கள் அசைவதுபோலத் தோன்றுகின்றன என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. இன்றும் பல பாடநூல்கள் அவ்வாறே கூறுகின்றன. சுழலும் சக்கரத்தை நிலைக்குத்தான இடுக்குகளினூடே நோக்கும்போது அதன் ஆரங்கள் வளைந்து தோன்றுவது பற்றிப் பீற்றர் மார்க் றோஜே என்பார் 1824 இல் எழுதிய கட்டுரையை இக்கொள்கைக்கு மூலமாகக் காட்டுவர். 1832 இல் பெல்ஜியத்து அறிஞர் யோசப் பிளாற்றோ, படங்கள் வரைந்த தட்டொன்றைச் சுழற்றி அவற்றை அசையச் செய்தபோதும் இவ்விளக்கமே போதுமெனக் கருதப்பட்டது. ஆயின், பழைய சாயல் கண்ணிலே தங்குவது ஒன்றே காரணமாயின், படங்கள் ஒன்றன்மேலொன்று படிந்து குழம்பித் தோன்றல் வேண்டும். அவை அவ்வாறு தோன்றுவதில்லை.

1912 இல் ஜேர்மனிய உளநூலார் மாக்ஸ் வேர்தைமர் தம் ஆய்வை வெளியிட்டார். இரண்டு கோடுகளைச் சிறிது இடம் விட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், அவற்றுக்கிடையேயுள்ள கால அளவு ஏற்றதாய் அமையும்போது, காண்போர் இரு கோடுகளைக் காண்பதில்லை. ஒரு கோடு ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குச் செல்வதையே காண்கின்றனர். கால அளவு மிகக் குறைந்தால் இரண்டும் ஒருங்கே தோன்றும். மிக நீண்டால் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். ஆகவே அசைவைப் பிறப்பிப்பது இடைவெளி. கண் எச்சத்தை ஏந்திக்கொண்டு சும்மா இருப்பதில்லை; உள்ளம் அவ்விடைவெளியை நிரப்பி ஒரு செயலை ஆக்கிக்கொள்கின்றது.

படச்சுருளை ஓட்டும் கருவியிலும் இதற்குச் சான்று உண்டு. வெளிச்சம் மினுமினுக்காதிருத்தற் பொருட்டு அக்கருவி ஒவ்வொரு சட்டகத்தையும் இருமுறையோ மும்முறையோ மறைத்துக் காட்டும். அதாவது, விநாடிக்கு 48 அல்லது 72 முறை வெளிச்சம் வந்து போகும். ஆயின் அசைவு தோன்றுதற்கு இத்துணை வேண்டுவதில்லை. அசைவூட்டக் கலைஞர் ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி, விநாடிக்குப் பன்னிரண்டு படங்களாலேயே செவ்விய அசைவை ஆக்கிவந்துள்ளனர். மினுமினுப்பு நீங்குதல் வேறு, அசைவு தோன்றுதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இஃது ஏட்டுக்கல்வியன்றோ, தொழில் செய்வோனுக்கு இதனால் யாது பயன் என வினவலாம். பயன் பெரிது. கண்ணின் எச்சமே காரணம் என்று நம்புவோன், படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் அசைவு சிறக்கும் என எண்ணுவான். இடைவெளியே காரணம் என்று அறிந்தவன், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று அளப்பான். கனடாவின் தேசியத் திரைப்பட நிறுவனத்திற் பணிபுரிந்த நோர்மன் மக்லாரன், சட்டகத்தில் உள்ளதைக் காட்டிலும் சட்டகங்களுக்கிடையே நிகழ்வதே முதன்மையானது என்னும் கருத்தினர். அவர் படங்களைப் பார்ப்போர் அக்கருத்தின் மெய்ம்மையைக் காண்பர்.

முகமில்லா உருவங்கள்

1944 இல் அமெரிக்காவிலே பிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்னும் இருவர் தம் ஆய்வின் பொருட்டு ஒரு சிறு அசைவூட்டப் படத்தை ஆக்கினர். பெரிய முக்கோணம் ஒன்று, சிறிய முக்கோணம் ஒன்று, சிறு வட்டம் ஒன்று, திறந்து மூடும் கதவுடைய செவ்வகம் ஒன்று; இவையன்றி அப்படத்தில் வேறொன்றும் இல்லை. கண்ட நிகழ்ச்சியை எழுதுமாறு 34 பேரைக் கேட்டபோது, அவர்களுள் ஒருவரே அதனை வடிவங்களின் இடப்பெயர்ச்சியாக எழுதினார். ஏனையோர் யாவரும் உயிருள்ளவற்றின் செயலாகவே எழுதினர். பெரிய முக்கோணம் அடக்கி ஆள முயல்கின்றது, வட்டம் அஞ்சி ஒளிகின்றது, சிறிய முக்கோணம் அதற்குத் துணையாகின்றது என்றவாறு பலர் கதை கண்டனர். கண்ணும் வாயும் இல்லா உருவங்களில் அச்சத்தையும் வஞ்சத்தையும் அவர்களுக்குக் காட்டியது எது? எப்பொழுது அணுகின, எப்பொழுது தயங்கின, எவ்வளவு விரைவில் விலகின என்னும் அசைவின் கூறுகளே.

சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னார் யோஹான்சன் 1973 இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. அவர் ஒருவனின் மூட்டுக்களிற் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருளிலே அவனை நடக்கவிட்டுப் படமெடுத்தார். அவன் அசையாது நின்றபோது பார்த்தோர்க்குப் பொருளற்ற புள்ளிக்கூட்டமே தெரிந்தது. அவன் அடியெடுத்து வைத்ததும், விநாடியிலுங் குறைந்த நேரத்தில், ஒரு மனிதன் நடக்கின்றான் என்று அறிந்தனர். 1977 இல் ஜேம்ஸ் கற்றிங், லின் கொஸ்லோவ்ஸ்கி ஆகியோர் செய்த ஆய்வில், இத்தகைய புள்ளிகளின் நடையை மட்டும் கண்டு தம் நண்பரை இன்னார் என்று அடையாளங் காணவும், தற்செயலிலும் மிகுந்த அளவிற் பார்ப்போரால் இயன்றது.

உடையின் மடிப்பையும் மயிரின் அசைவையும் செப்பனிடுவதிலே நாட்களைச் செலவிட்டு, நடையைக் கணினியின் ஆயத்த நடைக்கு விட்டுவிடும் மாணவர் இவ்வாய்வை அறிதல் வேண்டும். ஒருவன் இன்னான் என்பது பன்னிரண்டு புள்ளிகளின் இயக்கத்திலேயே தங்கியிருக்கின்றது. அவ்வியக்கம் பொய்யாயின், அதன்மேற் போர்த்திய அணிகள் அப்பொய்யை மறைக்கா.

காலத்தின் நுட்பத்தைப் பெல்ஜியத்து லூவேன் பல்கலைக்கழக உளநூலார் அல்பேர்ட் மிஷோத் 1946 இல் வெளியிட்ட நூலிற் காணலாம். ஓர் உருவம் சென்று மற்றோர் உருவத்தைத் தொடுகின்றது. தொட்ட உடனே மற்றையது நகர்கின்றது. காண்போர், முன்னது பின்னதைத் தள்ளிற்று என்றே காண்கின்றனர். ஊகித்து அறிவதில்லை, கண்ணெதிரே காண்கின்றனர். தொடுதலுக்கும் நகர்தலுக்கும் இடையே விநாடியின் ஐந்திலொரு பங்களவு நேரம் புகுந்துவிட்டால், அத்தொடர்பு அறுந்துபோகின்றது. இரண்டாவது தானாகவே நகர்ந்ததாகத் தோன்றுகின்றது. விநாடியின் ஐந்திலொரு பங்கு என்பது ஏறக்குறைய ஐந்து சட்டகங்கள். ஐந்து சட்டகங்களிலே ஒருவன் தள்ளப்பட்டவனாவதும் தானே நடந்தவனாவதும் தீர்மானிக்கப்படுகின்றன. இதனை அறியாதவன் அடியையும் வீழ்ச்சியையும் எவ்வாறு அமைக்கவல்லான்?

1986 இல் ஜோன் லசெற்றர் ஆக்கிய ‘லக்ஸோ ஜூனியர்’ என்னும் சிறு படம் இவ்வுண்மைக்குக் கலையுலகச் சான்று. பெரிய மேசைவிளக்கு ஒன்றும், பந்தோடு விளையாடும் சிறிய மேசைவிளக்கு ஒன்றுமே அதன் பாத்திரங்கள். கணினி வரைகலை அறிஞர் கூடிய அரங்கில் அது காட்டப்பட்டபோது, ஜிம் பிளின் என்னும் அறிஞர் லசெற்றரை அணுகினார். நிழல்களைக் கணித்த முறை பற்றிக் கேட்பார் என லசெற்றர் எதிர்பார்த்திருக்க, அவர் கேட்டது, பெரிய விளக்குத் தாயா தந்தையா என்பதே. முகமில்லா விளக்கைப் பெற்றோராகக் காணச் செய்தது அதன் வளைவும், தயக்கமும், தலை திரும்பும் வேகமும் ஆகும்.

கமராவின் உண்மையும் கண்ணின் உண்மையும்

அங்ஙனமாயின், உண்மை மனிதரின் அசைவைக் கமராவினாற் பிடித்து அவ்வாறே படியெடுத்தாற் போதாதோ என்பார் உளர். இவ்வினாவுக்கு விடை காண ஒரு பழைய வரலாற்றை நோக்குவோம்.

1878 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வேட் மைபிரிட்ஜ் வரிசையாகப் பல கமராக்களை வைத்து, பாய்ந்தோடும் குதிரையைப் படமெடுத்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டெழும் கணம் உண்டு என்பதும், அக்கணத்திற் கால்கள் வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும் என்பதும் அப்படங்களால் ஐயமற விளங்கின. அதற்கு முன் ஓவியர் பலர், முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னுமாக நீட்டியிருக்கக் குதிரை பறப்பதாகவே எழுதிவந்தனர். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821 இல் எழுதிய எப்சம் குதிரைப்பந்தய ஓவியம் அத்தகையது. ஓவியர் பிழை செய்தனர் என்று உலகம் கூறிற்று. ஆயின் சிற்பி றொடான், 1911 இல் வெளிவந்த உரையாடல் நூலிலே, ஜெரிக்கோவின் பக்கமே பேசினார். காலம் ஒருபோதும் நிற்பதில்லை. நின்ற கணத்தைக் காட்டும் ஒளிப்படமே பொய்யானது. ஓட்டத்தின் பல கணங்களை ஒரே உருவத்தில் உணர்த்தும் ஓவியனே மெய் கூறுகின்றான் என்பது அவர் கருத்து.

இவ்விருவருள் எவரையும் தள்ளிவிட வேண்டுவதில்லை. மைபிரிட்ஜிடம் அசைவின் உண்மையைக் கற்க வேண்டும்; றொடானிடம் அவ்வுண்மை கண்ணுக்கு எவ்வாறு தோன்றும் என்பதைக் கற்க வேண்டும். படியெடுத்தல் மட்டும் போதாது என்பதற்கு அசைவூட்டத்தின் வரலாறே சான்று. நடிகரைப் படமெடுத்து, சட்டகந்தோறும் அதன்மேல் வரைந்து படியெடுக்கும் முறைக்கு மாக்ஸ் பிளைஷர் 1917 இற் காப்புரிமை பெற்றார். வோல்ற் டிஸ்னியின் நிறுவனத்தாரும் நடிகரைப் படமெடுத்து ஆராய்ந்தனர். 1932 முதல் டொன் கிரகாம் என்னும் ஓவிய ஆசிரியர் அங்கே வகுப்புக்கள் நடத்தினார்; அவற்றிற் படச்சுருள்களை ஓட்டி ஓட்டி அசைவு ஆராயப்பட்டது. 1937 இல் வெளிவந்த ‘ஸ்நோ வைற்’ அப்பயிற்சியின் பயன். ஆயின், அந்நிறுவனத்தின் முதுபெருங் கலைஞரான பிராங் தோமஸ், ஒல்லி ஜோன்ஸ்ரன் ஆகியோர் 1981 இல் வெளியிட்ட நூலில் ஒன்றைத் தெளிவாகக் கூறினர். ஒளிப்படத்தை அவ்வாறே படியெடுத்தால் உருவம் உயிரிழந்து விறைத்து நிற்கும். அதனை ஆராய்ந்து, வேண்டியதைத் தெரிந்து, மிகைப்படுத்தி வரைந்தாலே உயிர்பெறும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

பல்லாண்டுகளின் பின், 2004 இல், ‘போலார் எக்ஸ்பிரஸ்’ என்னும் படம் நடிகரின் அசைவைக் கருவிகளாற் பதிந்து கணினி உருவங்களுக்கு ஏற்றிற்று. உடலசைவு மெய்யானது, எனினும் உருவங்களின் கண்களில் உயிரில்லை என்று விமரிசகர் பலர் குறைகூறினர். யப்பானிய அறிஞர் மசஹிரோ மோரி 1970 இலேயே, மனிதனை மிக நெருங்கி ஒத்தும் முழுதும் ஒவ்வாத உருவம் பார்ப்போர்க்கு அருவருப்பை விளைவிக்கும் என்று எழுதியிருந்தார். அளவெடுத்தல் அறிதலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கண் செல்லும் இடம்

இனி, பார்ப்போனின் கண் திரையில் எங்கே செல்கின்றது என்பதை நோக்குவோம். நாம் முன்னுள்ளவற்றை எல்லாம் ஒருங்கே தெளிவாகக் காண்கின்றோம் என்று நினைக்கின்றோம். உண்மை அதுவன்று. கையை நீட்டிப் பெருவிரல் நகத்தை நோக்கினால், அந்நகத்தளவே நாம் கூர்மையாகக் காணும் பரப்பு. எஞ்சியவை மங்கலாகவே தெரிகின்றன. அதனால் விநாடிக்கு மூன்று நான்கு முறை கண் இடம் பெயர்ந்து பெயர்ந்து காட்சியைத் திரட்டுகின்றது. உருசிய ஆய்வாளர் அல்பிரட் யார்பஸ் 1960களில் வெளியிட்ட நூலில், ஒரே ஓவியத்தை ஒரே மனிதன் நோக்கும்போதும், அவனிடம் கேட்கப்படும் வினா மாறினாற் கண் செல்லும் வழியும் மாறுகின்றது என்று காட்டினார். படத்திலுள்ளோர் வயது யாது என்று கேட்டாற் கண் முகங்களை நாடும். அவர்கள் செல்வரா வறியரா என்று கேட்டால் உடையையும் வீட்டுப் பொருள்களையும் நாடும்.

திரைப்படத்தில் வினாவை எழுப்புபவன் கலைஞன். பிரித்தானிய உளநூலார் ரிம் சிமித், 2007 இல் வெளிவந்த ‘தேயர் வில் பீ பிளட்’ என்னும் படத்தில் ஒரு காட்சியைப் பார்ப்போரின் கண் நகர்வுகளைக் கருவியாற் பதிந்து 2011 இல் வெளியிட்டார். ஒரு மேசையைச் சூழ்ந்து சிலர் நிலப்படத்தை நோக்கிப் பேசுகின்றனர். வெட்டின்றி நீளும் காட்சி அது. எங்கும் நோக்கும் உரிமை பார்ப்போர்க்கு இருந்தும், அவர்களின் கண்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திற் குவிந்தன. பேசும் முகத்துக்கும், சுட்டும் கைக்கும், திரும்பும் தலைக்கும் அவை கூட்டமாகவே சென்றன. இதனைச் செய்தவர் இயக்குநர். ஆயின் ஒருவரும் தம்மை அவர் அழைத்துச் சென்றதாக உணர்ந்திலர்.

கண் ஓரிடத்தில் ஊன்றியிருக்க மற்றோரிடத்தில் வைத்தது வீணாகும் என்பதை 1999 இல் டானியல் சைமன்ஸ், கிறிஸ்தோபர் சப்றிஸ் ஆகியோர் காட்டினர். பந்தை எத்தனை முறை எறிந்தனர் என்று எண்ணுமாறு பணிக்கப்பட்டோரில் ஏறக்குறையப் பாதிப்பேர், கொரில்லா வேடமிட்ட ஒருவர் ஆட்டக்காரர் நடுவே வந்து மார்பிலடித்துச் சென்றதைக் காணவேயில்லை. திரையின் மூலைதோறும் ஏதேனும் அசைந்துகொண்டிருந்தாலே படம் சிறக்கும் எனக் கருதும் மாணவர்க்கு இஃதொரு நல்ல பாடம். நூறு உருவங்களை அசைத்து, பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்கவிடாமற் செய்வது உழைப்பன்று, உழைப்பை அழித்தலாகும். சார்ளி சப்ளினின் ஊமைப்படங்களைப் பாருங்கள். அவருடைய உருவத்தைக் கரிய நிழலாக மாற்றினாலும் செய்வது இன்னதென்று விளங்கும். அசைவூட்டக் கலைஞர் தலைமுறை தலைமுறையாக அவரை ஆராய்ந்து வருவதன் காரணம் அதுவே.

ஆராயும் முறை

திரைப்படத்தை ஆராய்தல் என்றதும், கதையைச் சுருக்கிக் கூறி நடிப்பு நன்று, இசை சுமார் என எழுதுவதே பலர் நினைவுக்கு வரும். யாம் கூறுவது அதுவன்று. இரண்டு நிமிடம் ஓடும் ஒரு காட்சியைத் தேர்ந்துகொள்க. அதில் 2,880 சட்டகங்கள் இருக்கும். முதலில் ஒலியை நிறுத்திவிட்டு முழுவதையும் பார்க்க. அடுத்து, வெட்டு ஒவ்வொன்றும் எங்கே நிகழ்கின்றது, இரு வெட்டுக்களுக்கிடையே எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்க. பின், ஒவ்வொரு துண்டுக்கும் பெருவிரலளவான ஒரு சிறு படம் வரைக. வெட்டு நிகழுமுன் உம் கண் எங்கே நின்றது, வெட்டின் பின் எங்கே சென்றது என்று அப்படங்களிற் புள்ளியிடுக. இறுதியாக, நண்பர் ஐவரை அழைத்துக் காட்டி, அவர்கள் கண் எங்கே நின்றது என்று கேட்க. உம் புள்ளிகளும் அவர்கள் கூற்றும் ஒத்தால் ஏன் ஒத்தன, வேறுபட்டால் ஏன் வேறுபட்டன என்று ஆராய்க.

இம்முறையிற் பார்க்கும்போது, பன்முறை கண்ட படமும் புதிதாகத் தோன்றும். ஹயாவோ மியாசாக்கியின் ‘என் அயலவன் ரொரொரோ’ 1988 இல் வெளிவந்தது. அதிற் சிறுமியர் இருவர் மழையிலே பஸ் நிறுத்தத்தில் தந்தைக்காகக் காத்து நிற்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் அங்கே ஒன்றும் நிகழ்வதில்லை. மழை பெய்கின்றது, தங்கை தமக்கையின் முதுகிலே துயில்கின்றாள். காட்சி அடங்க அடங்கக் கண்ணும் அடங்குகின்றது. அவ்வடக்கத்தினிடையே, குடையின் விளிம்புக்குக் கீழே நகமுடைய பெரிய பாதமொன்று தோன்றுகின்றது. முழு உருவத்தை அவர் முதலிற் காட்டவில்லை. சிறுமி கண்டதையே நமக்கும் காட்டுகின்றார். முன்னிருந்த அமைதி இல்லையாயின் அப்பாதம் இத்துணை வலிமை பெறாது. அசைவுகளுக்கிடையே விடும் வெறுமையை யப்பானியர் ‘மா’ என்பர் என்றும், அது இல்லையேற் பரபரப்பே மிஞ்சும் என்றும் மியாசாக்கி செவ்வியொன்றில் விளக்கியுள்ளார். எங்கே அசைக்காதிருப்பது என்பதும் அசைவூட்டக் கலையின் ஒரு பகுதியே.

பிறிதொரு சான்று, 2018 இல் வெளிவந்த ‘ஸ்பைடர் வேர்ஸ்’ படம். காட்டினூடே இருவர் நூலைப் பற்றி ஊசலாடிச் செல்கின்றனர். தேர்ந்தவனுக்கு விநாடிக்கு 24 படங்களும், இன்னும் பழகாத இளைஞனுக்குப் பன்னிரண்டும் வரையப்பட்டன. பார்ப்போர் எவரும் எண்ணிப் பார்த்திலர். ஆயின் இளைஞன் தடுமாறுகின்றான் என்பதை யாவரும் உணர்ந்தனர். உருசிய இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920 ஐ ஒட்டிச் செய்த சோதனையும் இவ்வினத்தது. ஒரு நடிகனின் மாறாத முகத்தைச் சூப்புக் கலத்தோடும், பிணப்பெட்டியோடும், குழந்தையோடும் மாறி மாறி இணைத்துக் காட்ட, பார்த்தோர் அம்முகத்திற் பசியையும் துயரையும் மகிழ்ச்சியையும் கண்டனர் என்பர். முகத்தை மேலும் மேலும் கோணச் செய்வதனாற் கூறமுடியாததை, அதன் அயலில் வைக்கும் காட்சி எளிதாகக் கூறிவிடும்.

தடைகளும் விடைகளும்

ஆராய்ச்சி கலையைக் கொன்றுவிடும் என்பாரும் உளர். பூவைப் பிய்த்துப் பார்ப்பவன் அதன் மணத்தை நுகரான் என உவமை கூறுவர். இலக்கணம் கற்றமையாற் கவிஞர் எவரும் கவிதையை இழந்திலர். தாளத்தை எண்ணிப் பழகியவனே பின்னர் எண்ணாமற் பாடுகின்றான். நம்முடைய தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டினை வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வெவற்றின் நிமித்தம் தோன்றும் என்றும் விரித்தார். அதன் முடிவில், கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணரவல்லார்க்கே அவற்றின் பொருள் புலப்படும், பிறர்க்கு அரிது என்ற கருத்தையும் வைத்தார். உள்ளத்து உணர்வு உடலிற் புலனாகும் முறையை ஆராய்வது கலைக்குப் பகையென நம் முன்னோர் கருதவில்லை. அதனை உணர்தற்குப் பழகிய கண் வேண்டும் என்றே கருதினர்.

மற்றொரு தடை இக்காலத்தது. நடுப்படங்களை நிரப்புவதையும், உருவங்களை அசைப்பதையும், சொல்லிய அளவிலே காட்சி முழுவதையும் ஆக்குவதையும் கணினியே செய்யத் தொடங்கிவிட்டது. இனி மனிதன் கற்பதற்கு என்ன இருக்கின்றது என்பர். எமக்கோ இதுவே இக்கல்வியை வற்புறுத்துதற்குரிய முதற்காரணமாகத் தோன்றுகின்றது. கையின் வேலையைப் பொறி ஏற்கும்போது, கைப்பயிற்சி ஒன்றையே பெற்றவனின் பிழைப்புக்குத்தான் முதலில் இடர் வரும். பொறி பத்து வகையாக அசைத்துக் காட்டும். அவற்றுள் எது மெய், எது பொய், எது இவ்விடத்துக்கு உரியது என்று தெரிந்து கூறுபவன் வேண்டும். ஐந்து சட்டகங்களின் வேறுபாட்டைக் காணாதவன் அதனைக் கூறமாட்டான். காசும் காலமும் செலவிட்டு இத்துறையிற் புகும் இளைஞரை, தீர்ப்பளிக்கும் ஆற்றலைக் கொடாமல் வெளியே அனுப்புவது அவர்களுக்குச் செய்யும் தீங்காகும்.

செலவு மிகும் என்ற அச்சமும் வேண்டா. கண் நகர்வைப் பதியும் கருவி எல்லாரிடத்தும் இல்லை. ஆயினும் ஐந்து நண்பரும், ஒரு குறிப்பேடும், ஒரு கைத்தொலைபேசியும் உள்ளவன் மேற்கூறியவற்றைச் செய்யலாம். மிஷோதின் சோதனையை எந்த மாணவனும் ஒரு மாலையிற் செய்துவிடலாம். இரண்டு வட்டங்களை வரைந்து, ஒன்று மற்றொன்றைத் தொடச் செய்க. தொட்ட உடனே இரண்டாவது நகர்வதாக ஒருமுறையும், மூன்று சட்டகம் தாழ்த்து ஒருமுறையும், ஆறு சட்டகம் தாழ்த்து ஒருமுறையும் அமைத்து வீட்டாருக்குக் காட்டுக. எதிலே தள்ளுதலைக் கண்டனர், எதிலே காணவில்லை என்று அவர்களே கூறுவர். அன்றைய மாலை கற்றதை அம்மாணவன் தன் வாழ்நாளில் மறவான்.

சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் திங்களுக்கொருமுறையேனும் இரண்டு நிமிடக் காட்சியொன்றை வகுப்பிலே ஆராய்வித்தல் வேண்டும். அசைவூட்டப் பயிற்சி நடத்துவோர் கணினியைத் திறக்குமுன் மாணவரைத் தெருவிலும் சந்தையிலும் நிறுத்தி, சுமை தூக்குவோனின் தோளையும், முதியவரின் அடியையும், தாயின் பின் ஓடும் குழந்தையின் தடுமாற்றத்தையும் வரையச் செய்தல் வேண்டும். மாணவரோ, தாம் விரும்பிய படத்தை விரும்பியதோடு அமையாது, விரும்பச் செய்தது யாதென்று தேடல் வேண்டும். அவ்வாறு தேடுவோர் கைக்குத் தொழில் தேடி அலையும் நிலை வாராது. அவர்கள் கண்ணைத் தேடித் தொழில் வரும்.